எலியின் பயம் பரம்பரைச் சொத்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அதற்கு முன்பு ஆராய்ச்சி மாணவியாக நான்கு ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் சுண்டெலிகளின் பதற்றத்தை அளந்துகொண்டிருந்தேன். இது தெரிந்த நாள்முதல் கேள்விகள் வருகின்றன. மாணவர்கள் பாடத்துக்காகக் கேட்கிறார்கள். பெற்றோர் எலியில் தொடங்கித் தம் பிள்ளையில் வந்து முடிக்கிறார்கள். "இவன் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்த சுபாவம், டீச்சர். இவனுக்கும் அதே இரத்தம்தானே?" என்று ஒரு தாய் கேட்டபோது, பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த அந்தத் தலைக்காகத்தான் இந்தப் பதில்களை எழுதி வைக்கிறேன்.

எலிக்குப் பதற்றம் என்று ஒன்று உண்டா? அது வெறும் பயம்தானே?

சேரன்மகாதேவிப் பக்கம் பிசான அறுவடை முடிந்த இரவுகளில் களத்து ஓரமாக நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும். நெல் சிந்திக் கிடப்பது களத்தின் நடுவில். எலி வளையிலிருந்து தலையை நீட்டும். மீசை துடிக்கும். ஓரத்தை ஒட்டி நான்கு அடி ஓடும், நிற்கும், திரும்பி வளைக்கே போய்விடும். அந்த நேரத்தில் கூகையும் இல்லை, சாரைப்பாம்பும் இல்லை. ஆனாலும் "வந்துவிட்டால்?" என்ற கணக்கு அதன் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பூனை எதிரே நிற்கும்போது வருவது பயம். பூனை வரக்கூடும் என்பதற்காக வருவது பதற்றம்.

நமக்கும் எலிக்கும் இதற்கான மூளைப் பகுதிகள் பெரும்பாலும் பொது. அமிக்டலா என்ற சிறு பகுதி இரு மூளைகளிலும் உண்டு. நெருக்கடியில் நம் உடம்பில் கார்ட்டிசால் சுரக்கிறது, எலியின் உடம்பில் அதன் நெருங்கிய உறவான கார்ட்டிகோஸ்டீரான் சுரக்கிறது. ஆனால் உள்ளே என்ன உணர்கிறாய் என்று எலியிடம் கேட்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் "எலியின் பதற்றம்" என்று எழுதாமல் "பதற்றம் சார்ந்த நடத்தை" என்று எழுதுகிறார்கள். இந்தக் கவனம் எனக்குப் பிடிக்கும். நாமும் இங்கே அதையே கடைப்பிடிப்போம்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளக்கிறார்கள்?

களத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1934-இல் பெரிய வகை எலிகளை வெளிச்சமான, மூடியில்லாத வட்ட அரங்கில் விட்டுப் பார்த்தார். பதற்றமான எலி ஓரத்தை ஒட்டியே நின்றது, உணவைத் தொடவில்லை, அடிக்கடி புழுக்கை போட்டது. அவர் புழுக்கைகளை எண்ணினார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தேர்வு அறைக்குப் போகும் முன் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனோம் என்று நினைத்துப் பார்த்தால் அவர் எண்ணியதன் நியாயம் புரியும். இதைத் திறந்தவெளிச் சோதனை என்கிறோம். சுண்டெலிகளுக்கும் பின்னர் இதையே பயன்படுத்தினார்கள்.

1980-களில் இன்னும் இரண்டு சோதனைகள் பரவின. ஒன்று, பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமான பெட்டி. மற்றொன்று, தரையிலிருந்து உயரத்தில் வைத்த கூட்டல் குறி வடிவப் பாதை. அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் எலி எவ்வளவு நேரம் மொட்டைக் கையில் போய் நின்றது என்பதுதான் அளவு. இது உண்மையிலேயே பதற்றத்தைத்தான் அளக்கிறதா என்று சந்தேகப்படுவது சரியே. மனிதர்களின் பதற்றத்தைத் தணிக்கும் டயஸிபாம் மருந்தைக் கொடுத்தால் எலிகள் மொட்டைக் கைகளில் கூடுதல் நேரம் உலாவுகின்றன. சோதனையின் மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான்.

ஆனாலும் எலி பேசாமல் நிற்பதற்குக் காரணம் பதற்றமாகவும் இருக்கலாம், சோர்வாகவும் இருக்கலாம், கண் சரியில்லாததாகவும் இருக்கலாம். ஒரே சோதனையை நம்பி முடிவு சொல்லும் கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இதில் மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

அம்பை 16 நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர் என்பதால், நல்ல விதை வாங்கி விதைத்த வயலில் எல்லாப் பயிரும் கிட்டத்தட்ட ஒரே மரபணுக்களோடு நிற்கும். ஆய்வக எலிகளையும் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். அண்ணனையும் தங்கையையும் தொடர்ந்து குறைந்தது இருபது தலைமுறை இணைத்தால், ஒரே வார்ப்பில் வார்த்தது போன்ற எலிகள் கிடைக்கும். இவற்றை உட்கலப்பு வகைகள் என்கிறோம். 1913-இல் ஹால்சி பேக் என்பவர் வளர்க்கத் தொடங்கிய வெள்ளை எலிகளிலிருந்து பால்ப்-சி என்ற வகை வந்தது. 1921-இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் உருவாக்கியது சி57 என்ற கறுப்பு வகை.

ஒரே கூண்டறை, ஒரே தீவனம், ஒரே வயது. அப்படி இருந்தும் திறந்தவெளியில் விட்டால் சி57 எலி நடுவில் போய் மோப்பம் பிடிக்கும், பால்ப்-சி எலி மூலையில் ஒடுங்கும். வளர்ப்பு ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாட்டை விதைநெல்லின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? பாதி சரி. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் வலுவான சான்று ஜான் டிஃப்ரீஸ் என்ற ஆய்வாளர் எலிகளைப் பொறுக்கி எடுத்துச் செய்த ஆய்வு. இந்த இரண்டு வகைகளையும் கலந்து பிறந்த எலிகளிலிருந்து, திறந்தவெளியில் அதிகம் ஓடியவற்றை ஒரு பக்கமும் குறைவாக ஓடியவற்றை மறுபக்கமும் பிரித்து, அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே இணைத்து, 30 தலைமுறைகள் கொண்டுபோனார். 1978-இல் வெளியான முடிவில் இரண்டு பக்கத்து எலிகளும் வேறு வேறு ஊர்க்காரர்கள் போல ஆகிவிட்டிருந்தன. ஓட்டத்தில் பன்மடங்கு வேறுபாடு. குறைவாக ஓடியவை அதிகமாகப் புழுக்கை போட்டன. நம் விவசாயிகள் கதிர் பார்த்து விதை எடுத்துவைத்ததும் இதே முறைதான். மரபில் ஒன்றும் இல்லையென்றால் எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் எதுவும் நகராது.

அப்படியானால் வெள்ளை எலிதான் பயந்த எலியா?

இது கொஞ்சம் சிக்கலான இடம். வெளிறிய எலிகளின் கண்ணில் நிறமி இல்லை, அதனால் பளிச்சென்ற வெளிச்சம் அவற்றை வாட்டுகிறது. சிவப்பு விளக்கில், அதாவது எலிக்கு ஏறக்குறைய இருட்டில், அதே சோதனையைச் செய்தபோது வெள்ளைக்கும் மற்ற நிறங்களுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. நிறத்துக்குரிய மரபணு மனத்தைத் தொடாமல், கண் வழியாகவே நடத்தையை மாற்றிவிட்டது! மரபணுவுக்கும் நடத்தைக்கும் நடுவே எத்தனை சந்து பொந்துகள் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எந்த மரபணு என்று பெயர் சொல்ல முடியுமா?

சில பெயர்களைச் சொல்லலாம். முதலில் தேடிய முறையைச் சொல்லிவிடுகிறேன்.

சுண்டெலிக்கு 20 இணைக் குரோமோசோம்கள். ஜொனாதன் ஃபிளின்ட்டும் அவரது குழுவினரும் டிஃப்ரீஸின் இரண்டு பக்கத்து எலிகளைக் கலந்து, பேரக்குஞ்சுகளில் யாருக்கு எந்தக் குரோமோசோம் துண்டு யாரிடமிருந்து வந்தது என்று அடையாளம் பார்த்தார்கள். 1995-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 1, 12, 15 என்ற எண்களுள்ள குரோமோசோம்களில் உள்ள பகுதிகள் பல சோதனைகளிலும் பதற்றத்தோடு சேர்ந்தே வந்தன. ஆனால் பகுதி என்பது ஒரு தெருவைக் காட்டுவது போன்றது, வீட்டு எண் தெரியாது. ஒரு தெருவில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் குடியிருக்கும். முதல் குரோமோசோமின் தெருவில் ஒரு வீட்டை, ஆர்ஜிஎஸ்2 என்ற மரபணுவை, 2004-இல்தான் சுட்டிக்காட்ட முடிந்தது. செல்லின் வெளியிலிருந்து வரும் செய்தி உள்ளே எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதத்துக்கான மரபணு அது. ஒன்பது ஆண்டு உழைப்பில் ஒரு வீடு, அதுவும் பதற்றத்தின் சிறு பங்கை மட்டுமே விளக்குவது.

எதிர்த்திசையிலிருந்தும் தேடினார்கள். தெரிந்த ஒரு மரபணுவை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து, எலி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. இந்த நுட்பத்துக்கு அடித்தளம் இட்ட கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. செரட்டோனின் வேதிப்பொருளை ஏற்கும் 1ஏ என்ற ஏற்பி இல்லாத எலிகளை 1998-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. மூன்றிலும் எலிகள் கூடுதல் பதற்றத்தைக் காட்டின. அதே ஆண்டில் உடம்பின் நெருக்கடிச் செய்தியை ஏற்கும் சிஆர்ஹெச் ஏற்பி ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகள் துணிச்சலாயின.

என்னை மிகவும் கவர்ந்தது டயஸிபாம் ஆய்வு. அந்த மருந்து மூளையில், நரம்புச் செல்களை அடக்கி அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பிகளில் வேலை செய்கிறது. அந்த ஏற்பியின் ஒரு வகையில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினார்கள். மருந்து கொடுத்தாலும் பதற்றம் தணியவில்லை, தூக்கக் கலக்கம் மட்டும் வந்தது. வேறொரு வகையில் அதே மாற்றத்தைச் செய்தபோது தூக்கக் கலக்கம் குறைந்தது, பதற்றத் தணிவு அப்படியே இருந்தது. ஒரு மாத்திரையின் இரண்டு வேலைகளை மரபணுவைக் கொண்டு இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பய மரபணு என்று ஒன்று இருக்கிறதா?

இல்லை. மேலே சொன்ன ஒவ்வொரு மரபணுவும் வேறு பல வேலைகளையும் செய்கிறது. பதற்றமோ பல மரபணுக்களின் சிறு சிறு பங்குகளால் ஆனது.

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்கிறார்களே, அது சரிதானே?

பழமொழி சரிதான். ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது மரபணு மட்டும்தானா?

பாதியில் நிறுத்திய கதைக்கு இப்போது வருகிறேன். துணிச்சலான சி57 வகையின் கருக்களை எடுத்து, பதற்றமான பால்ப்-சி தாயின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்த குஞ்சுகளைப் பால்ப்-சி தாயே வளர்த்தாள். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் வளர்ந்த எலிகள் பல சோதனைகளில் பால்ப்-சி எலிகளைப் போல நடந்துகொண்டன. கருப்பை மட்டும் மாறினாலோ வளர்ப்புத் தாய் மட்டும் மாறினாலோ இந்த மாற்றம் வரவில்லை, இரண்டும் சேர்ந்தபோதுதான் வந்தது. 2003-இல் வெளியான ஆய்வு இது. விதைநெல்லின் கணக்கில் எழுதிய வேறுபாட்டில் ஒரு பகுதி, உண்மையில் நாற்றங்காலின் கணக்கில் சேர வேண்டியது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். செரட்டோனின் 1ஏ ஏற்பி இல்லாத எலிகள் பதறுகின்றன என்றேன். 2002-இல் அந்த ஏற்பியை விரும்பியபோது நிறுத்தவும் இயக்கவும் கூடிய எலிகளை உருவாக்கினார்கள். வளர்ந்த எலியில் நிறுத்தினால் பதற்றம் கூடவில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் அது இல்லாமல் இருந்துவிட்டால், பின்னர் இயக்கினாலும் பதற்றம் போகவில்லை. அதாவது மரபணுவுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. கார் நெல்லுக்கு ஆனி மாதத் தண்ணீர் போல, அந்த வாரங்களில் கிடைக்க வேண்டியது கிடைத்தாக வேண்டும்.

பெரிய வகை எலிகளில், குஞ்சுகளை அதிகம் நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளர்ந்தவை நெருக்கடியை அமைதியாகத் தாங்குகின்றன என்றும், அந்த நக்குதல் மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளை மாற்றுகிறது என்றும் 2004-இல் காட்டினார்கள். நூலைப் போல சேலைதான். ஆனால் பத்தமடையில் பாய் முடைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே கோரையிலிருந்து கை மாறினால் பாய் மாறும்.

ஒரே வகை எலி, ஒரே சோதனை. முடிவு மட்டும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவது ஏன்?

1999-இல் கிராப், வால்ஸ்டன், டுடெக் மூவரும் இதைச் சோதிக்கவே ஓர் ஆய்வு செய்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து, ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே வகைகள், ஒரே வயது, ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே உள்ளூர் நேரம் என்று பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்தார்கள். வகைகளுக்கு இடையிலான பெரிய வேறுபாடுகள் மூன்று ஊரிலும் தெரிந்தன. சிறிய வேறுபாடுகள், குறிப்பாகக் கூட்டல் குறிப் பாதையில், ஊருக்கு ஊர் மாறின. 2014-இல் வந்த ஓர் ஆய்வு, சோதனை செய்பவர் ஆணாக இருந்தால் அவரது உடல் வாடையே எலிகளுக்கு நெருக்கடி தருகிறது என்று காட்டியது. அவர் போட்டிருந்த சட்டையை அருகில் வைத்தாலே போதுமானதாக இருந்தது.

என் சொந்த அனுபவமும் உண்டு. ஆராய்ச்சியின் இரண்டாம் ஆண்டில், துணிச்சலான வகை எலிகள் திடீரென்று மூலையில் ஒடுங்கத் தொடங்கின. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்து நோட்டு நிறைய எழுதினேன். கட்டடத்தின் பின்புறம் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எலிகளுக்குத் தீவனம் வைக்கும் அண்ணாச்சிதான் வந்து சொன்னார். எங்கள் அறைக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் தரையில் அதிர்வு இருந்தது. மூன்று மாத அளவுகளை அப்படியே ஒதுக்கி வைத்தேன். அன்று அழுதேன். எலி நான் வைத்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை, தன்னைச் சுற்றி நடக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது என்பது அப்போதுதான் உடம்பில் ஏறியது.

எலியில் கண்டது எங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா?

ஓரளவு பொருந்தும். மனிதரின் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எலியிடம் இணை உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பதற்றக் கோளாறுகளில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு மரபு சார்ந்தது என்கின்றன.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள். "என் பிள்ளையின் பயத்தில் 40 விழுக்காடு என் மாமனார் கொடுத்தது" என்று பொருள் இல்லை. கன்னடியன் கால்வாயின் தலைமடையில் எல்லா வயலுக்கும் ஒரே சீராகத் தண்ணீர் பாய்ந்தால், விளைச்சலில் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் விதையால் வந்ததாகவே இருக்கும். கடைமடையில் ஒரு வயலுக்குத் தண்ணீர், மறு வயலுக்கு வறட்சி என்றால், அதே விதைகளிடையே காணும் வேறுபாடு பெரும்பாலும் தண்ணீரால் வரும். விதை மாறவில்லை, விழுக்காடு மாறிவிட்டது. அது கூட்டத்தைப் பற்றிய எண். தனி ஒரு பிள்ளையின் தலையில் அதை எழுத முடியாது.

ஆகவே பயந்த குடும்பம், பயந்த இரத்தம் என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கும் அளவுக்கு, தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால், அது குணக்கேடு இல்லை, சிகிச்சைக்கு இணங்கும் ஒரு தொல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரத்தம் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதற்றத்துக்காக வேண்டாம். ஒரு பிள்ளை பதற்றக்காரனாக வளர்வானா என்று சொல்லக்கூடிய பரிசோதனை இன்று இல்லை. அந்தப் பணத்துக்கு அவனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் வாருங்கள்.

பயமே இல்லாத எலி நன்றாக வாழுமா?

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய எலிகளுக்குப் பூனை வாடையின் மேல் உள்ள அச்சம் குறைகிறது. அந்த ஒட்டுண்ணி பூனையின் குடலுக்குள் போனால்தான் அதன் வாழ்க்கைச் சுழற்சி நிறைவடையும். பயமில்லாத எலியால் யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூகைகள் அதிகமுள்ள ஆண்டில் ஓரம் பற்றி ஓடும் எலி பிழைக்கும். பஞ்ச காலத்தில் நடுக்களத்துக்குப் போகத் துணிந்த எலி பிழைக்கும். இரண்டு வகையும் இன்றுவரை அழியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

எலிகளை இப்படிப் பதறவைப்பது சரியா?

இந்தக் கேள்வியை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நானும் இதைப் பல இரவுகள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ், ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு ஒன்று அனுமதித்த பிறகே சோதனை நடக்க வேண்டும். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா என்று அந்தக் குழு கேட்கும். கூட்டல் குறிப் பாதையில் ஐந்து நிமிடம் நிற்பது எலிக்குப் பெரிய துன்பம் இல்லை. ஆனால் பல ஆய்வுகளின் முடிவில் மூளையைப் பார்ப்பதற்காக எலியைக் கொல்கிறார்கள், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பதற்றத்துக்கான மருந்துகள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவற்றால் கிடைத்தது. கிணற்றுக் கதையில் நான் ஒதுக்கிய மூன்று மாதங்களில் எத்தனை எலிகள் வீணாயின என்ற எண் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டு அடுக்களையில் ஓடும் எலியை வைத்து நான் எதையாவது பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஆய்வக எலியும் நம் வீட்டுச் சுண்டெலியும் ஒரே இனம்தான், துணையினம்தான் வேறு. பிடிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் வரக்கூடும். இரவு படுக்கும் முன் சுவர் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கும், அறையின் நடுவில் அதே அளவுக்கும் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வையுங்கள். விடிந்ததும் துடைப்பம் எடுப்பதற்கு முன்பு காலடிகளை எண்ணுங்கள். ஒரு வாரம் விளக்கை அணைத்து எண்ணுங்கள், அடுத்த வாரம் சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டு எண்ணுங்கள். மேலப்பாளையத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் பதினான்கு நாள் கணக்கை நோட்டில் கட்டம் போட்டுக் கொண்டுவந்தான். விளக்கு எரிந்த நாட்களில் நடுவில் இரண்டே இரண்டு காலடிகள். ஒன்பதாம் நாளின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அன்றைக்கு ஆச்சி என்னை முந்திக்கொண்டு பெருக்கிவிட்டார்கள், டீச்சர்" என்றான்.